பிசிக்ஸ் தாதா

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கை சுபிக்ஷாவை இங்கே ஜாதவ்பூர் கோச்சிங்கில் சேர்க்க உன் செயினை அடகு வைக்கப்போவதாக ஹல்தியாவிலிருந்து எழுதியிருந்தாய். வைக்காதே.

"அந்த பிசிக்ஸ் தாதாகிட்ட படிச்சா என்ட்ரன்ஸ்ல சீட் நிச்சயம்னு பக்கத்து வீட்டு மாஷிமா சொன்னா" என்கிறாயே, வங்காளிப் பிள்ளைகள் தாதா என்று கூப்பிடும் அந்த அண்ணன் நான்தான். நான் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டியதிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். மேற்கொண்டு கேட்காதே.

ஒரே அறையில் அறுபது பேர். சந்தேகம் கேட்டால் எனக்கே எரிச்சல் வருகிறது. அதற்கா இவ்வளவு பணம்?

அதே பாடத்தை வீட்டில் நானே நடத்துகிறேன். "போடா, உன்கிட்ட யாரு படிப்பா?" என்பாள். காசு கொடுத்தால் தாதா, கொடுக்காவிட்டால் போடாவா? உட்காரத்தான் வேண்டும்.

சனிக்கிழமை வருகிறேன். வேலை போனதை மறைத்ததற்கு அப்பா திட்டுவதானால் பாடம் முடிந்த பிறகு திட்டட்டும்.

பிடிவாதம் குறையாத
உன் மகன்