விரிசலை மறைத்த வயலின்

பாரிஸ்,
அக்டோபர் 1942, புதன் மதியம்

அன்புள்ள தம்பி அன்செல்முக்கு,

உன் அக்கா லியோந்தீன் எழுதுவது. ஜெர்மன்காரர்கள் தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள். அதனால் இதை ரயிலில் வேலை பார்க்கும் ஒருவர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறார். படித்ததும் அடுப்பில் போடு. இந்த முறையாவது சொன்னதைச் செய்.

நலம் என்று எழுதத்தான் ஆசை. சலவைக் கடை ஏதோ ஓடுகிறது, சோப்புதான் கிடைப்பதில்லை. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ தெற்கே ஓடும்போது என்னிடம் விட்டுப்போன வயலின் படத்தைக் கடைச் சுவரில் மாட்டியிருந்தேன். ரசித்து மாட்டவில்லை, சுவரில் விரிசல் இருந்தது. வயலினின் உடம்பு ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம், நடுவில் பழத்தட்டு சரிந்து விழுகிற மாதிரி. உண்மையைச் சொல்கிறேன், அதை நான் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

திங்கட்கிழமை, வெளுத்த சட்டைகளை வாங்க வந்த ஜெர்மன் கேப்டன் அதன் முன்னால் நின்றுவிட்டார். மரியாதையான ஆள்தான், நம் மொழியும் நன்றாகப் பேசுகிறார். “எங்க ஊர்ல இந்த மாதிரிப் படத்தையெல்லாம் தடை பண்ணிட்டாங்க மேடம். அதனாலதான் எனக்கு இது மேல கண்ணு” என்று சிரித்தார். விற்பதற்கில்லை என்றேன். அவர் காதில் வாங்காமல் பக்கத்தில் போய்க் குனிந்து, வயலினின் இடுப்பில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு தெருவின் பெயரை வாய்விட்டுப் படித்தார். “இது யாரு எழுதினது?” என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். நம் வயலின்காரரின் எழுத்து. அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். யூதர்களை வீடு வீடாகப் பிடிக்கத் தொடங்கியதும் அவரும் மனைவியும் ஒளிந்துகொண்ட இடத்தை உனக்குத் தெரிவித்து, படித்தவுடன் எரிக்கச் சொன்ன சீட்டு அது. அதைப் போய்க் கத்தரித்து ஒட்டியிருக்கிறாய்! மெட்ரோ டிக்கெட், புகையிலை உறை, மேஜையில் எது கிடந்தாலும் உனக்குப் படம்தான். அவருடைய வயலினுக்கு அவர் எழுத்தே பொருத்தம் என்று நினைத்திருப்பாய். உன்னை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது, தம்பி.

“என் எழுத்துதான் சார். துணி கொண்டுபோய்க் கொடுக்கற வீட்டு விலாசம். என் தம்பி குப்பையைக்கூட விடமாட்டான், எல்லாத்தையும் ஒட்டிடுவான்” என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். வியாழக்கிழமை வந்து படத்தை எடுத்துக்கொள்வதாகவும், வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று ஒரு வரி எழுதித் தரும்படியும் கேட்டார். நானும் முட்டாள்போல எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் போன பிறகுதான் உறைத்தது. வயலின்காரர் எழுத்து எறும்பு ஊர்வதுபோலப் பொடியாக இருக்கும். என்னுடையது கொட்டை கொட்டையாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் பொய் தெரிந்துவிடும்.

நேற்று துணிக்கூடையோடு அவர்கள் ஒளிந்திருக்கும் வீட்டுக்குப் போனேன். வயலின்காரருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கொதிக்கிறது, எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. “ஊரை விட்டுத் தப்பிக்க ஞாயித்துக்கிழமைதான் காய்கறி வண்டில எடம் இருக்காம் அக்கா. அதுக்கு முன்னாடி இவர எங்க தூக்கிட்டுப் போறது?” என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

படத்தை எரித்தால் கேப்டனுக்குச் சந்தேகம் உறுதியாகிவிடும். நல்லவேளை, வழக்கம்போல என் கஞ்சிப் பசையைத் திருடித்தான் ஒட்டியிருந்தாய். இன்று காலை ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை மெல்ல வைத்து வைத்து எடுத்தேன். சீட்டு உரிந்து வந்தது. எரித்துவிட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தெரு ஒன்றின் பெயரை என் கையால் எழுதி, பார்லி காப்பியில் நனைத்துப் பழுப்பாக்கி, அதே வடிவில் வெட்டி ஒட்டினேன். மேலே கரியால் நான்கு தந்திகளும் இழுத்தேன். மூன்றாவது தந்தி கோணலாகிவிட்டது.

அதற்காக உன் படத்தை இரண்டு மணி நேரம் உற்றுப் பார்க்க வேண்டியதாயிற்று. வயலின்காரரின் தாடை பட்டுத் தேய்ந்த இடத்தைக்கூடப் போட்டிருக்கிறாய். நன்றாக இருக்கிறதடா. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்.

கேப்டன் நாளை வருவார். தான் படித்த தெருப்பெயர் அவருக்கு மறந்திருந்தால் படத்தோடு போய்விடுவார். மறக்காமலிருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே எப்படிக் கேட்பார்கள் என்று ஊருக்கே தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது, அன்செல்ம். ஒரு ரகசியத்தை ஒரு வேளைச் சாப்பாடு வரைகூடக் காப்பாற்றத் தெரியாதவள் என்று நீயே என்னைக் கேலி செய்திருக்கிறாய்.

என்ன சேதி வந்தாலும் நீ பாரிஸுக்கு வராதே. குளிர் தொடங்கிவிட்டது, கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

மாதா கோவிலில் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. நான் வீடு திரும்ப வேண்டும் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை வரை நான் வாய் திறக்கக் கூடாது என்று முதலில் கேள்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அக்கா