பத்து மணிக்கு மேல் ஏறாத மேடு

அக்டோபர் 9, வியாழன்

எழுந்ததும் முதல் வேலை, தெருக் குழாயில் ஐந்து குடம். கலங்கல் தண்ணீர். ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில்.

வாங்க: துவரம் பருப்பு, குக்கர் கேஸ்கட், அவர் மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ.

காலேஜில் என் பொறுப்பில் இருக்கும் ஸ்டோரைத் திறந்ததும் பேச்சியம்மாள். மைதானத்தில் புல் வெட்டும் வண்டியை ஓட்டுகிறவள். நரிக்குடிப் பக்கம் களையெடுக்கப் போனவள், இங்கே கூட்டுகிற வேலைக்கு வந்து, மூன்று வருஷமாக அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் மெமோ. பராமரிப்பு பார்க்கும் ரா. சார் கொடுத்தது. ‘கவனக்குறைவாக ஓட்டி வண்டியைப் பழுதாக்கியது.’ திங்கள் காலைக்குள் பதில். திருப்தி இல்லையென்றால் அவள் மறுபடி விடுதி கூட்டப் போக வேண்டும்.

வண்டி காலையில் நன்றாக ஓடுகிறது. பத்து மணிக்கு மேல் கேலரிப் பக்கத்து மேட்டில் ஏறுவதில்லை. மிதியை அடிவரை அழுத்தினாலும் இரைச்சல் மட்டும். ரா. சார் ஏழு மணிக்கு வந்து தானே ஓட்டிப் பார்த்தாராம், ஏறிவிட்டது. ஆகவே இவளுக்குச் சோம்பல்.

“அவுக மிதிச்சா ஏறுது, நான் மிதிச்சா நிக்குது. வண்டிக்கும் ஆளு தெரியுதுக்கா” என்று சிரித்தாள். பிறகு, மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் எழுதித் தரச் சொன்னாள். சரி என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மேகம். மழை இல்லை.

பதினோரு மணிக்குக் குடையோடு மைதானம். பேச்சி ஓட்டினாள், பார்த்தேன். பாதி மேட்டில் நின்று பின்னால் நழுவியது. அடியில் இருக்கும் பெட்டியின் பக்கம் கை கொண்டுபோக முடியாத சூடு. நடிப்பு எங்கே இதில்.

ஸ்டோர் இழுப்பறையில் வண்டியின் கையேடு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். பிரித்தேன். இந்த வண்டிக்கு கிளட்ச், கியர் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயின் அழுத்தம்தான் சக்கரத்தைத் தள்ளுகிறது. அதற்கு ஊற்ற வேண்டியது 20W-50 எஞ்சின் ஆயில்.

ஆகஸ்டில் எண்ணெய் மாற்றியபோது நான் கொடுத்தது 46 நம்பர் ஹைட்ராலிக் ஆயில். டிராக்டர் டிப்பருக்கு வாங்கியதில் மீதி. புத்தகத்தைப் பார்ப்போமா என்று அன்றைக்கே கேட்டாள் பேச்சி. வேண்டாம், அழுத்தத்தில் ஓடுவதுதானே, இதையே ஊற்று என்றேன். நான்தான் சொன்னேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. டப்பாவை அப்படியே கொண்டுவந்தேன்.

மாலை, அருப்புக்கோட்டை ஆயில் கடை. ‘இன்னும் நல்லது’ என்று வேறு ஏதாவது உண்டா, டிராக்டர் ஆயில் ஆகுமா, இரண்டையும் கலக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைக்காரர், “டீச்சரம்மா மாதிரி கேக்குறீக. புஸ்தகத்துல என்ன போட்டுருக்கோ அத ஊத்துங்க. பழசு ஒரு சொட்டு தங்காம வடிச்சுருங்க. ஃபில்டரயும் மாத்திருங்க” என்றார்.

கேஸ்கட் மறந்துவிட்டது.

அக்டோபர் 11, சனி

வெயில்.

பேச்சி வடித்த பழைய எண்ணெய் ஒரு மருந்து பாட்டிலில், புதியது ஒன்றில். இரண்டையும் ஜன்னல் வெயிலில் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு சைக்கிள் பேரிங் குண்டு போட்டேன். படிக்கிற காலத்தில் லேபில் கிளிசரினில் செய்த சோதனை. பழையதில் குண்டு போட்டதுமே அடியில் கிடந்தது. புதியதில் நிதானமாக இறங்கியது. சூடானால் தண்ணீராகிவிடுகிற எண்ணெய் எதைத் தள்ளும்? பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவளுக்கு இது ஆகஸ்டில் தோன்றியிருக்க வேண்டும்.

புதிய எண்ணெய் ஊற்றி, பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, முன்னும் பின்னும் மிதித்து உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினோம். புது ஃபில்டரை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேச்சி சொன்னாள்: “அன்னைக்கு புஸ்தகத்தப் பாப்பமான்னு கேட்டேன்லக்கா. அத அவுககிட்ட நான் சொல்லல.”

கை துடைக்கும் துணியை அவளிடம் நீட்டினேன்.

பன்னிரண்டு மணி வெயிலில் மேடு. ஏறியது. நாலு தடவை. மேலே நின்று முந்தானையால் முகம் துடைத்தாள்.

அப்போதுதான் ரா. சார் வந்தார். “பாத்தீகளாம்மா, மெமோ குடுத்தாத்தான் வண்டி ஏறுது.” பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நான் காலி டின்னின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மூடிய மூடியை.

சாயங்காலம் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ‘இனி கவனமாக ஓட்டுவேன்.’ படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். நல்லா இருக்குக்கா என்று எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். திங்கள் காலை நானே கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிவந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இட்லிக்கு ஆட்டியது. மூன்று சேலை இஸ்திரி. ஹாஸ்டலிலிருந்து மகள் போன்: தலைவலி, தீபாவளிக்குச் சுடிதார் பச்சை வேண்டாம். அவர் கண்ணாடி நூல் கட்டிய நிலையிலேயே.

வண்டி சரியாகிவிட்டது. எதனால் சரியானது என்று யாரும் கேட்கப்போவதில்லை. பதினோரு வருஷம் ஸ்டோரில் ஒரு பிழை இல்லை என்று எனக்குப் பெயர்; அது அப்படியே இருக்கும். பேச்சியின் ஃபைலில் அவள் கையெழுத்தோடு அவள் செய்யாத தப்பு இருக்கும்.

அவர் கேட்டார், என்ன யோசனை என்று. குக்கர் கேஸ்கட் என்றேன்.

பேச்சியின் கடிதத்தை நாலாகக் கிழித்து அடுப்படிக் குப்பையில், முட்டைக்கோஸ் இலைகளுக்கு அடியில் போட்டாயிற்று. நாளை ரா. சார் மேசையில் வைப்பது என் கையெழுத்தோடு வேறு கடிதம். ஆகஸ்டில் எந்த டின், யார் கொடுத்தது, புத்தகத்தைப் பார்க்கலாமா என்று யார் கேட்டது, வேண்டாம் என்று யார் சொன்னது. கூடவே இரண்டு மருந்து பாட்டில்கள்.