கடித்துவிட்டு வந்த ரொட்டி

மார்ச் 9, 1943. குச்சான் முகாம்

மறுபடியும் செஞ்சேனையின் மாவுக் கிடங்குக்குக் காவல். இந்த ஈரானில் வெயிலுக்கே தூக்கம் வருகிறது. மூட்டைமேல் சாய்ந்தால் போதும், கண் திறந்திருக்கும்போதே புகாரா பக்கத்து எங்கள் வாய்க்கால் ஓட ஆரம்பித்துவிடுகிறது. என் மனைவி சனோபர் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு தந்தூர் அடுப்புக்குள் குனிகிறாள். எல்லாம் இந்த மாவு வாசனை செய்கிற வேலை. சார்ஜென்ட் எதிரில் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில் கசாக்குக்காரன் எசென்தான் குறுக்கே விழுந்து, "அவன் தூங்கலைங்க, வீட்டுக்குப் போயிருக்கான்" என்றான். சார்ஜென்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கக்கூஸ் கழுவும் வேலை எனக்குத்தான் விழுந்தது.

மார்ச் 12

தினைக் கஞ்சி. நேற்றும் அதுதான். நாளைக்கும் அதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 20

நாளை நவ்ரோஸ், வருஷப் பிறப்பு. ஊருக்குள் கூழாங்கல்மேல் சுடுகிற நீள ரொட்டியின் வாசனை முகாம் வேலியைத் தாண்டி வந்தது. ஊருக்குப் போனதும் முதலில் என்ன தின்பாய் என்று எசென் கேட்டான். ஏற்கெனவே கடித்த ரொட்டியை என்றேன். அவன் ஆட்களுக்கு இந்த வழக்கம் கிடையாது, சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று அம்மா புது ரொட்டியை என் வாயில் வைத்தாள். ஒரே ஒரு கடி. மீதியை ஆணியில் மாட்டிவிட்டாள். அதை நான் திரும்பிப் போய்த்தான் தின்ன வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் – சரி, அதை எழுதுவானேன்.

"ஒரு வருஷத்து ரொட்டியா? போன அன்னைக்கே பல்லு போயிரும்டா" என்றான் எசென். அவனுக்கென்ன தெரியும். எங்கள் வீட்டுக் கூரைத் துளை வழியாக நடுப்பகல் வெயில் இறங்கி, கருஞ்சீரகம் ஒட்டிய அந்த ரொட்டியைத் தொட்டுவிட்டு நகரும். இன்று முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 4

துர்சுன் அண்ணன் வந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர், அஷ்காபாதுக்கும் மஷ்ஹதுக்கும் லாரி ஓட்டுகிறார். லாரி பழுதாகிக் கிடந்தபோது ஊருக்குப் போய்வந்திருக்கிறார். நல்ல சேதி கேட்டேன். அவர் டயரையே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் சொன்னார். கோதுமையெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதாம். வீட்டில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குத்தானாம். என் மகள் மெஹ்ரிக்கு முகமும் காலும் வீங்கியிருக்கிறதாம்.

ரொட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அப்படியே தொங்குது. உங்கம்மா யாரையும் தொட விடல. புள்ள அதையே பாத்துக்கிட்டுக் கெடக்கும். பாத்துக்கிட்டே தூங்கிரும்."

ஐயோ, என் தலையில இடி விழ. எனக்குன்னு மாட்டின ரொட்டிக்குக் கீழ என் புள்ள பட்டினி கெடக்குதே.

ஏப்ரல் 5

முதுகுக்குப் பின்னால் மலை மாதிரி மாவு. ஒரு கைப்பிடி எடுத்தாலும் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள். சுடட்டும். ஆனால் அந்த மாவு அவளிடம் போய்ச் சேருமா? சேராது. துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 6

மஷ்ஹதிலிருந்து திரும்பும் வழியில் அண்ணன் லாரியை நிறுத்தினார். ரொட்டியை இறக்கி, ஊறவைத்து, பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்றியா தம்பி?"

"ஆமாண்ணே."

"உங்கம்மா கேப்பாங்களே, அப்புறம் எம்புள்ள எப்படித் திரும்பி வருவான்னு."

"வருவேன்னு சொல்லுங்க. சும்மாவாச்சும் சொல்லுங்க."

ஒரு காய்ந்த ரொட்டி எத்தனை நாள் பசியைத் தாங்கும் என்று எசென் பிறகு கேட்டான். தெரியும். எனக்கும் தெரியும். அதற்காக?

ஏப்ரல் 7

பயமாக இருக்கிறது.

மே 2

கனவு. வீட்டுக்குப் போகிறேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. சனோபர் மிகவும் மரியாதையாக, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்கிறாள். அம்மா தேநீர் கொடுக்கிறாள். குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, பாப்ளார் மரங்களுக்கு நடுவே திரும்பி நடக்கிறேன். எனக்குத் துளிகூட வருத்தமில்லை. விழித்த பிறகு அதை நினைத்துத்தான் அழுகை வந்தது.

ஜூன் 11

இங்கே முசுக்கட்டை பழுத்துவிட்டது. எங்கள் ஊரில் முன்பே பழுத்திருக்கும். பிள்ளைகள் வாயெல்லாம் நீலமாக அலையும். மெஹ்ரியும் அலைவாள். அலைவாளா? துர்சுன் அண்ணனை வேறு சாலைக்கு மாற்றிவிட்டார்கள் என்கிறார்கள்.

ஜூலை 28

உத்தரவு வந்துவிட்டது. எங்கள் கம்பெனி போர்முனைக்குப் போகிறது. இரவுச் சாப்பாட்டில் இறைச்சி இருந்தது. எனக்கென்று சுவரில் ஒன்றுமில்லை என்று எசெனிடம் சொல்லிவிட்டேன்.

"எங்க ஊர்ல யாருக்குமே ரொட்டி தொங்கல. அதுக்காக நாங்க எல்லாருமா சாகப்போறோம்?" என்றான். பாவம், அவன் தட்டிலும் இறைச்சி அப்படியே கிடந்தது.

ஆகஸ்ட் 3

காலையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் துர்சுன் அண்ணன். மறுபடி இந்தச் சாலைக்கே போட்டுவிட்டார்களாம். அவருக்கும் அவசரம், மூச்சுவிடாமல் சொன்னார். அம்மா அழுதாளாம், ஆணிப் பக்கமே போக மாட்டேன் என்றாளாம். சனோபர்தான் மெத்தைகளை அடுக்கி ஏறி, ரொட்டியை இறக்கி, ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாளாம். அறுப்பு வரைக்கும் மாமியார் மருமகளோடு பேசவில்லையாம். புது பார்லி வந்ததும் அம்மாவே மாவு பிசைந்தாளாம், சனோபர் ரொட்டி சுட்டாளாம்.

பிள்ளையைப் பற்றி அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

துணி முடிச்சை நீட்டினார். "நீ ஒரு கடி கடிச்சுக் குடுத்தனுப்பணும்னு உங்கம்மா சொன்னாங்க. திரும்பக் கொண்டுபோய் மாட்டணுமாம்."

பிரித்தேன். ரொட்டியின் விளிம்பில் ஏற்கெனவே ஒரு சின்னக் கடி இருந்தது. வழியில் எலி கடித்துவிட்டதா என்று கேட்டேன்.

"எலி இல்லடா, உம்மக. எனக்கும் குடுன்னு காலைப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. கடிச்ச பெறகுதான் விட்டா."

நான் கிளம்பும்போது அவளுக்குப் பல்லே முளைக்கவில்லை. அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு அதை ஒட்டினாற்போல் நானும் கடித்தேன். உப்பு கொஞ்சம் கூடுதல். அண்ணன் மறுபடி முடிந்து சட்டைக்குள் வைத்துக்கொண்டார். எசென் கூப்பிடுகிறான், வண்டி கிளம்புகிறது.