ரப்பர் கட்டைக் கட்டில்

மார்ச் 3, திங்கள்

நேற்று நோன்பு தொடங்கியது. ரமலான் சந்தைக்காரர்கள் விடிந்ததிலிருந்து போன். மீன் மசாலை, ரெண்டாங் கறிக்கு மிளகாய்த்தூள், எல்லாருக்கும் எங்கள் மில்லில் அரைத்தது இன்றைக்கே வேண்டுமாம். உம்பாய் ஊர் மீன் கடைகளுக்கு மட்டும் அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

இவரை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். புண் நன்றாக ஆறுகிறதாம். இனிப்புநீர் வியாதியில் அழுகிய காலை முழங்காலுக்குக் கீழேதான் எடுத்தார்கள், முழங்கால் தப்பியது, அதனால் பொய்க்கால் பொருத்தி நடக்கலாம் என்று அந்தப் பெண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒரே நிபந்தனை. நாள் முழுக்க நாற்காலியில் உட்காரவிடக் கூடாது. மடங்கிய முழங்கால் அப்படியே இறுகிப்போகும், பிறகு பொய்க்கால் ஏறாது. தொய்யாத, கெட்டியான கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். சக்கர நாற்காலியிலிருந்து தானே நகர்ந்து ஏறி இறங்கப் பழக வேண்டும்.

இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய மனிதர். போனது வலது கால். பிரேக் மிதித்த கால்.

மார்ச் 5, புதன்

எங்கள் கட்டில் மாடியில். இனி அது இவருக்கு ஆகாது. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். "அந்த எழவ வீட்டுக்குள்ள கொண்டாராத" என்றார். மூன்று நாளில் அவர் பேசிய ஒரே வாக்கியம்.

ஜாசினில் இருக்கிற மரச்சாமான் கடையெல்லாம் பார்த்தேன். இப்போதைய நாகரிகம் தரையோடு ஒட்டிய கட்டில். நாற்காலியிலிருந்து அதில் இறங்கினால் விழுவதுதான். பழைய மாதிரி வேண்டுமென்றால் ஏணி வைக்க வேண்டும். அடியில் பெட்டி வைத்து மூடியிருக்கிறார்கள் வேறு, நாற்காலியின் கால்மிதி உள்ளே போகாது.

மகள் ஷாந்தினி சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டாள். "ம்மா, ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிடலாம்லா. நான் பே பண்றேன்."

"ஒங்கப்பா உயரத்துக்கு ஆன்லைன்ல எவன் செய்வான்?"

எங்கள் மசாலைக் கடையில் சரக்கு அடுக்குகிற ராக்கெல்லாம் நானே அடித்தது. கட்டில் என்ன, படுத்துக்கிடக்கிற ராக்குதானே. நானே செய்கிறேன்.

மார்ச் 8, சனி

மரக்கடைச் சீன முதலாளி, தவுக்கே, முதலில் மெராந்தி மரம் காட்டினான். ஆளைப் பார்த்துச் சொல்கிற விலை. நான் திரும்பி நடந்தேன். பின்னாலேயே வந்து உள்ளே கூட்டிப்போனான். வெளிநாட்டுக்குப் போகவேண்டிய பலகையாம், ஆர்டர் ரத்தாகிக் கிடக்கிறது. காயு கெத்தா என்றான் மலாயில். வெளிர் நிறம், வழவழப்பு, ஒரு முடிச்சு கிடையாது. தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. பாதி விலைக்குப் பேசி முடித்து, அறுத்தும் தரச் சொன்னேன். என் வயசுக்கு இன்னும் சரக்குப் பார்க்கத் தெரிகிறது என்று வேனில் வரும்போது ஒரு சந்தோஷம்.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டு டோரிஸ் மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்துவிட்டாள். அவள் பிடிக்க, நான் ட்ரில் போட, மதியத்துக்குள் சட்டம் நின்றது. கட்டில் கால்களை ஓரத்தில் வைக்காமல் ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தேன், நாற்காலி ஒட்டி நிற்க.

டோரிஸ் ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தாள். "அக்கா, இதுல யானைய கட்டலாம்."

"யானைதான் வருது. கொஞ்சம் எளச்ச யானை."

சிரித்தோம். இவர் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மெத்தையின் கனத்தை மறந்துபோய் அளவெடுத்திருக்கிறேன்! மெத்தை போட்டதும் கட்டில் நாற்காலியைவிட உயர்ந்துவிட்டது. கால்களை அறுத்துக் குறைத்தேன். மணல் தாள் தேய்த்து, வார்னிஷ் இரண்டு கை. முகம் தெரிகிறது.

மார்ச் 12, புதன்

வந்துவிட்டார். கதவருகே நாற்காலியை நிறுத்தச் சொல்லிக் கட்டிலைப் பார்த்தார். நல்லாருக்கு என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். பொய் எதற்கு, அதற்காகத்தான் நின்றேன்.

"என்ன மரம்?"

"காயு கெத்தா. எக்ஸ்போர்ட் சரக்கு. எப்படிப் பேசி வாங்கினேன் தெரியுமா—"

"தமிழ்ல சொல்லு."

"ரப்பர் மரம்."

"ரப்பர் கட்டை" என்றார். ஹாலில் இருக்கும் சாய்வு நாற்காலிக்கு மாற்றச் சொன்னார். அதிலேயே தூங்கினார். பயணக் களைப்பு போலிருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

களைப்பு இல்லை.

நான் கோலா சுங்கை பாருவில் கடைத்தெருவில் வளர்ந்தவள். இவர் செலண்டார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. காலையில் கஞ்சி கொடுக்கும்போது சொன்னார்:

"தோட்டத்துல ஒரு ஆளு செத்தா எதுல வச்சு எரிப்பாங்கன்னு நெனச்ச? சந்தனத்துலயா? பால் வத்தின ரப்பர் மரந்தான். ஆளுக்கு ஒரு கட்டை தூக்கிட்டுப் போவோம். எங்கப்பனுக்கு நான்தான் அடுக்குனேன்."

நான் கரண்டியோடு நின்றேன்.

"காலு முன்னாடி போயிருச்சு. மிச்சக் கட்டைக்கு இப்பவே அடுக்கிட்ட. கெட்டிக்காரி."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சும்மா, மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரி சொன்னார்.

சரக்குப் பார்க்கத் தெரிந்தவளாம்!

மார்ச் 16, ஞாயிறு

வேறு மரத்தில் செய்து தருகிறேன் என்றேன். மெராந்தி, செங்கால், எது வேண்டுமோ. இதை விறகுக்குக்கூட வைக்காமல் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் அனு. நீ தெரியாமத்தான் செஞ்ச. ஆனா சரியாத்தான் செஞ்சிருக்க."

அப்போதுதான் புரிந்தது. மரம் இவருக்கு ஒரு சாக்கு. தங்கக் கட்டில் போட்டாலும் ஏறமாட்டார். முடிந்துவிட்டது என்று மனசுக்குள் கணக்கை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இனிப்புநீர் காலோடு நிற்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். இவர் முழங்காலை மெல்ல நீட்டப் பார்த்தாள். முழுசாக நீளவில்லை. என்னைத் தனியாக அழைத்து, "ஆன்ட்டி, இப்படியே விட்டா ரொம்ப லேட் ஆயிடும்" என்றாள். எவ்வளவு லேட் என்று கேட்டேன். இந்த மாசக் கடைசி என்றாள். அதற்குமேல் பொய்க்காலுக்கு அளவெடுப்பதில் அர்த்தமில்லையாம்.

சொல்லிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். நான் யாரிடமும் கெஞ்சியவள் இல்லை. டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மார்ச் 21, வெள்ளி

ஆர்டர் குவிகிறது. எதிலும் மனசு இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

விற்காத சரக்கை அடுக்கி வைத்து அழகு பார்க்கிறவள் இல்லை நான். மதியம் சாப்பிட்டதும் அந்தக் கட்டிலில் நானே போய்ப் படுத்தேன். ஹாலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும்.

"அதுல படுக்காத."

"ஏன்? சும்மா கெடக்குதுல்ல."

"எந்திரின்னு சொல்றேன்ல."

"நீங்க வாங்க, நான் எந்திரிக்கிறேன்."

"அனுசியா!"

முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலம். குரல் நடுங்கியது. தன்னைப் பற்றி அத்தனை சாதாரணமாகச் சொன்ன மனிதர், நான் படுத்ததும் இப்படி. அதையும் கவனித்துக்கொண்டேன்.

எழுந்திருக்கவில்லை. இது துணிச்சலா, வீம்பா? பொட்டும் பூவுமாக அதில் கிடப்பதைப் பார்த்து அவர் என்ன நினைப்பார் என்று தெரிந்தும் கிடந்தேன். கொடுமைதான். வேறு வழி இருந்தால் யாராவது சொல்லட்டும்.

மார்ச் 25, செவ்வாய்

தினமும் மதியம் படுக்கிறேன். நேற்று திட்டினார். இன்று திட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

டோரிஸ் கேட்டாள், "அக்கா, பாவம் அண்ணே, விட்டுடேன்" பாவம் பார்த்தால் கால் நீளுமா என்றேன். சொன்னபிறகு அழுதேன். அவளும்.

மார்ச் 30, ஞாயிறு

நோன்புப் பெருநாள் ஆர்டர் முடிந்தது. மில்லை நிறுத்தியபின்னும் காதில் அது ஓடுகிறது. பயிற்சிப் பெண் சொன்ன கெடு நாளையோடு சரி.

ஏப்ரல் 1, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மதியம் படுத்தவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். ஒரு மாத அலுப்பு. இவர் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீருக்காம். மறுபடி கூப்பிட்டிருக்கிறார். கத்தியிருக்கிறார். மில் சத்தத்தில் மந்தமான காது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மூக்கருகே ஏதோ பட்டு விழித்தேன். இவர் விரல். மூச்சு வருகிறதா என்று பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் சாம்பலாக இருந்தது.

"கூப்பிட்டா வாயத் தொறக்க மாட்டியா? மனுஷன சாகடிக்கவா பாக்குற?"

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடி வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: எங்கே உட்கார்ந்திருக்கிறார்? கட்டிலில். சக்கர நாற்காலி பக்கத்தில் காலியாக, ஒட்டி நின்றது. சாய்வு நாற்காலியிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு. யாரும் தூக்கவில்லை. பதற்றத்திலும் பிரேக் போட்டிருந்தார், லோரிக்காரர்.

வாயைத் திறந்தால் கெட்டுவிடும் என்று தெரிந்தது. தலையணையை அவர் பக்கம் தள்ளினேன். வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு சாய்ந்தார். காலை நீட்டினார். முக்கால்வாசிதான் நீண்டது. வலியில் பல்லைக் கடித்தார்.

"பயந்துட்டீங்களா?"

"நீ முன்னாடி போயிறலாம்னு பாக்காத. என்னால அடுக்க முடியாது."

ஏப்ரல் 3, வியாழன்

பயிற்சிப் பெண்ணை வரவழைத்தேன். கெடு தாண்டிவிட்டது என்று ஒளிக்காமல் சொன்னேன். நீட்டிப் பார்த்துவிட்டு, "கஷ்டம், ஆனா முயற்சி பண்ணலாம் அங்கிள்" என்றாள். இவர் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

ஏப்ரல் 6, ஞாயிறு

கட்டில் ஒற்றை ஆளுக்குச் செய்தது. நான் ஓரத்தில் தொங்கிக்கொண்டு தூங்குகிறேன். அகலப்படுத்த வேண்டும் என்றேன். மெராந்தி வாங்கவா?

"ரெண்டு மரம் கலந்தா ஆடும். இருக்குறதையே வாங்கு" என்றார் டிவியைப் பார்த்தபடி.

தவுக்கே இந்த முறை விலையைக் குறைக்கவில்லை. நானும் பேரம் பேசவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அகலப்படுத்தியாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து பலகையின் மறுமுனையைப் பிடித்தார். நான் போட்ட ஸ்குரூ கோணலாம். கோணல்தான். கழற்றி அவரே போட்டார்.

முழங்கால் இன்னும் முழுசாக நீளவில்லை. தினமும் வலியில் முனகல் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கு இப்போது நான் ஓடுவதில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

பொய்க்காலுக்கு அளவெடுக்கலாமா என்று அடுத்த மாசம்தான் சொல்வார்களாம். எடுக்கலாம் என்றும் இருக்கலாம், முடியாது என்றும் இருக்கலாம். அப்படியே சொன்னார்கள். சரி என்றார் இவர்.

சுவர்ப்பக்கம் எனக்கு, வெளிப்பக்கம் அவருக்கு. அவர் பிரித்ததுதான். விடியுமுன் மில்லைத் திறக்க நான் இறங்க வேண்டுமென்றால் அவர் கையூன்றி எழுந்து, உட்கார்ந்து, காலை ஒதுக்கி வழிவிட வேண்டும். இந்தத் தொல்லைக்கு இடம் மாற்றிக்கொள்ளலாமே என்றேன். மாட்டேன் என்கிறார். தினமும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்து வழிவிடுகிறார்.