மூண்டாவது கட்டி

குருநகர்
12.10.2025

அன்பு மகன் ஜெரிசனுக்கு,

நீயும் மருமகளும் பிள்ளையளும் சுகமாயிருக்க மாதாவை மண்டாடுறன். இஞ்சை நானும் உன்ரை தங்கச்சி வசந்தினியும் இருக்கிறம், சுகமெண்டு எழுதக் கை வருகுதில்லை. அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள் பூசை போன கிழமை முடிஞ்சுது. அண்டைக்குப் போனிலை ஏனப்பா ஓமெண்டு சொன்னீங்கள் எண்டு கேட்டுப்போட்டு வைச்சிட்டாய். வாயாலை சொல்ல எனக்கு ஏலாது, அதுதான் எழுதுறன்.

அம்மாவின்ரை ஈரலிலை ரெண்டு கட்டி இருந்தது உனக்குத் தெரியும். மருந்து ஏத்தி ஏத்தி அதுகள் நல்லாய்ச் சுருங்கிப்போச்சு, இனிக் கண்ணுக்கும் கைக்கும் பிடிபடாது எண்டு கொழும்பு டொக்டர் சொன்னவர். வயித்தைத் திறந்து ஈரலுக்கு மேலை ஸ்கான் கருவியை வைச்சு, முந்தி எடுத்த படத்தோடை ரீவித் திரையிலை பொருத்திப் பாத்துத்தான் வெட்டுறதாம். ரெண்டையும் அப்பிடியே கண்டுபிடிச்சு எடுத்திட்டினம். பிறகு டொக்டர் வெளியிலை வந்தார். முந்தின படத்திலை இல்லாத மூண்டாவது ஒண்டு இப்ப தெரியுது, பெரிய ரத்தக்குழாயோடை ஒட்டிக்கொண்டிருக்கு, எடுக்கிறது ஆபத்து, விட்டால் வளரும், நீங்கள்தான் சொல்லவேணும் எண்டார். உனக்கு மூண்டு தரம் போன் அடிச்சன். நீ வேலையிலை நிண்டிருப்பாய், அதை நினைச்சு மனதை வருத்தாதை ராசா, நீ எடுத்திருந்தாலும் பாரம் என்ரைதான். வசந்தினி என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். நான் ஓமெண்டன். ரத்தம் நிக்கேல்லை. ரெண்டு நாள் கண் திறக்காமல் கிடந்துபோட்டு அம்மா போயிட்டா. டொக்டரைக் குறை சொல்லாதை, அவர் வந்து எனக்குப் பக்கத்திலை நீள வாங்கிலை குந்தியிருந்தவர், கனநேரம் எழும்பேல்லை.

ஒப்பரேசனுக்கு உள்ளை கொண்டுபோகேக்கை அம்மா, இருக்கிறதெல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்கோ, இன்னொருக்கால் என்னாலை ஏலாது எண்டவ. அவ சொன்னபடிதான் செய்தனெண்டு கேக்கிற சனத்துக்கெல்லாம் சொல்லுறன், பூசை வைச்ச சுவாமிக்கும் அப்பிடித்தான் சொன்னன். உனக்குப் பொய் சொல்லேலாது மகன். அந்த நேரம் அவ சொன்னது எனக்கு நினைவிலேயே வரேல்லை. அவ இன்னும் கனகாலம் என்னோடை இருக்கவேணும் எண்ட ஆசைதான் ஓமெண்டு சொல்லிச்சுது.

கடலுக்கு இன்னும் போகேல்லை. என்னோடை வள்ளத்திலை வாற யாகோப்பு அண்ணை ரெண்டு தரம் வந்து கூப்பிட்டவர். அங்கை குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளையளின்ரை நெஞ்சைக் கவனமாய்ப் பார், நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவின்ரை உடுப்புகளை வசந்தினி கோயிலுக்குக் குடுக்கப்போறாள். நீலச் சீலையை உனக்கு எடுத்து வைக்கட்டோ எண்டு கேட்டு எழுதச் சொன்னவள், மறக்காமல் அவளுக்குச் சொல்லு.

மாதா உங்களெல்லாரையும் தன்ரை கைக்குள்ளை வைச்சிருக்கட்டும்.

உன்ரை அப்பா,
நீக்கிலாப்பிள்ளை