வெள்ளிக்கிழமை டோக்கன்

சேசு மரி சூசை துணை

நெய்வேலி
9.10.66

அன்பு மகள் மரியசெல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் அம்மாவும் தம்பி பவுல்ராஜும் சுகமாக இருக்கிறோம், டில்லியில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உறையின் ஓரத்தில் பசை விட்டிருந்தது, நீ சரியாக ஒட்டவில்லையா அல்லது வழியில் யாராவது பிரித்துப் பார்த்தார்களா தெரியவில்லை, இனிமேல் எம்.பி. விஷயம் எழுதினால் சோற்றுப் பருக்கை வைத்து அழுத்தி ஒட்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை விழுங்கினாளா ஜன்னல் வழியே போட்டாளா என்று எனக்குச் சந்தேகம்தான். அங்கே குளிர் தொடங்கும் முன் கம்பளி வாங்கிக்கொள், ஆபீஸில் யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் எதற்கு என்று யோசித்துக் குடி.

நான் கேட்டபடி நீ சனிக்கிழமை லீவில் நூலகத்தில் உட்கார்ந்து நம் எம்.பி. பேரைத் தேடியது பெரிய காரியம். அரசாங்கத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டேன் என்று இங்கே மைக்கில் முழங்கினாரே, பேர் அச்சான நாலு வாக்கெடுப்பிலும் அவர் அரசாங்கத்தின் பக்கம்தான் என்கிறாய். மற்றதற்கெல்லாம் பேரே எழுதமாட்டார்களாம், ஆமாம் என்றும் இல்லை என்றும் கூட்டமாகக் குரல் கொடுப்பார்களாம், அதைக் கேட்டு முடிவு சொல்வார்களாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்பது வருஷமாக மைன்ஸ் வாசலில் டோக்கன் கொடுக்கிறவன் நான், பித்தளை டோக்கன் வாங்காமல் ஒருவன் குழிக்குள் இறங்க முடியாது, ஷிப்டு முடிந்து பலகையில் டோக்கன் திரும்பாவிட்டால் ஆளைத் தேடி ஓடுவோம். தேசத்துக்கே சட்டம் போடுகிற இடத்தில் அதுகூட இல்லையா? நீயே கண்ணால் பார்த்தாயா, யாராவது சொன்னதா? "என்று தெரிகிறது" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய், அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் மசோதா விஷயத்தை மட்டும் மூன்று தரம் படித்தேன். நம்மைப் போல் மைன்ஸுக்காக ஊரைக் காலி செய்த குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பர்மனென்ட் வேலை என்று அவர் தன் பேரில் கொண்டுவந்த மசோதா உண்மைதான், அச்சில் இருக்கிறது என்று எழுதினாய். அதையே நான் பொய் என்று நினைத்திருந்தேன். உறுப்பினர்களின் சொந்த மசோதாக்களை வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான் எடுப்பார்களாம், போன வருஷம் ஏப்ரல் இரண்டாம் தேதி அவர் முறை வந்து பேரைக் கூப்பிட்டபோது ஆள் இல்லையாம், அடுத்தவருக்குப் போய்விட்டார்களாம், அப்புறம் அதற்கு முறையே வரவில்லையாம். அந்தத் தேதி எனக்கு எங்கேயோ இடித்தது. அம்மாதான் சொன்னாள், தபசு காலத்து வெள்ளிக்கிழமை, 'கோயில்ல சிலுவப்பாதைய வுட்டுட்டு எம்.பி.க்கு மாலை போட ஓடுனீங்களே, மறந்துட்டீங்களா' என்று. மறுநாள் பழைய ரிஜிஸ்தரை எடுத்துப் பார்த்தேன். கூட்டத்துக்கு முன் அவர் குழியைப் பார்க்க வந்தபோது, லீவு நாளாக இருந்தும் வாசலில் நின்றவன் நான். பார்வையாளர் பக்கத்தில் அவர் பேர், என் கையெழுத்து, என் கையால் கொடுத்த டோக்கன் நம்பர். இந்த மசோதாவுக்காக நம் ஜனங்கள் அவருக்கு நன்றி சொன்ன கூட்டம் அது. அங்கே மசோதாவுக்கு ஆள் இல்லை, இங்கே அதற்காக அவர் கழுத்தில் மாலை.

கேள், அவருடைய ஆள் சிங்காரவேல் முதலில் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் சொன்னான். எங்கள் பாட்சுக்கு வெள்ளிக்கிழமை வார லீவு, அன்றைக்குத்தான் எல்லோரும் வரமுடியும் என்று தேதியை மாற்றச் சொன்னவன் நான். டில்லியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்களுக்காக வந்தேன் என்று அவர் பேசியபோது முதலில் கை தட்டியவனும் நான். அவருக்குத் தெரிந்திருக்கும், முறை வருகிற நாளை உறுப்பினருக்குச் சொல்லாமல் இருப்பார்களா? தெரிந்தும் வந்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் கூப்பிட்டது நாங்கள். ஐந்து வருஷமாக கான்ட்ராக்ட்டில் மண் சுமக்கிற உன் தம்பிக்கு வேலை பர்மனென்ட் ஆனால்தான் பெண் தருவோம் என்று முத்தாண்டிக்குப்பத்தார் இன்னும் காத்திருக்கிறார்கள். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

தேர்தல் வருகிறதல்லவா, வியாழக்கிழமை சிங்காரவேல் மறுபடி வந்தான், கையில் மைசூர்பாகு. 'அண்ணே, அடுத்த மாசம் பதினோராம் தேதி வெள்ளிக்கெயம அய்யா வர்றாரு, ஒங்க ஆளுங்களுக்கு லீவு நாளா பாத்துத்தான் தேதி வச்சிருக்கோம்' என்கிறான். மைசூர்பாகை அம்மா தொடவில்லை. இந்தத் தேர்தலோடு பழைய மசோதாவெல்லாம் செத்துப்போகும் என்று நீ எழுதியிருந்தாய், இருப்பதே இந்தச் சில வெள்ளிக்கிழமைகள்தான். அன்றைக்கு இங்கே மாலை கிடையாது, கூட்டம் கிடையாது, அய்யா டில்லியிலேயே அவர் இடத்தில் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே போனான், அந்தச் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மா நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொல்கிறாள். ஒன்றே ஒன்று மறக்காதே. நவம்பர் பதினொன்று பிற்பகல் அரை நாள் லீவு எடுத்து, எப்படியாவது பாஸ் வாங்கி, பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார். அவர் பேரைக் கூப்பிடுகிறார்களா இல்லையா, அது எனக்குத் தெரியவேண்டாம். நாற்காலியில் ஆள் இருந்தாரா என்று மட்டும் உன் கண்ணால் பார்த்து எழுது. அதுவரைக்கும் ரிஜிஸ்தரில் அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்குக் காகிதம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் மட்டும் சந்தேகம் இல்லாத அப்பா,
ம. இன்னாசிமுத்து