பதினாறாம் எண் படம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவருடைய கிருபையால் இங்கே நாங்கள் நலம், அங்கே நீங்கள் மூவரும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன் என்றுதான் இத்தனை வருடமும் தொடங்கியிருக்கிறேன். இந்தத் தடவை நலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே சேர்த்துக்கொள், வேண்டாமென்றால் விட்டுவிடு.

அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை, முழங்கால்தான் மாடிப்படி ஏற விடமாட்டேன் என்கிறது. காலமெல்லாம் பேருந்து ஓட்டிய மனிதர் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் வேறென்ன செய்வார், தெருவில் போகிற ஒவ்வொரு பேருந்தின் பிரேக் சத்தத்தையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. மருமகளுக்கு இடுப்புவலி என்றாயே, குழந்தையை ஒரே பக்கமாகத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாமென்று சொல், நீயும் கொஞ்சம் தூக்கு, உன் கை ஒன்றும் தேய்ந்துவிடாது. குழந்தைக்கு இரண்டாவது பல் வந்த போட்டோ கிடைத்தது. அப்பா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மூக்கு அப்படியே என் மூக்கு என்றார். அவர் பெரிதாக்கியதில் எனக்கு மூக்கே தெரியவில்லை.

போன மாதம் தொலைபேசியில் நாம் போட்ட சண்டைக்கு வருகிறேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டேன், நீ சிரித்தாய், எனக்குச் சுருக்கென்றது, அப்பாவுக்கு நடந்த அற்புதத்தைக் கண்ணால் கண்ட வீட்டில் பிறந்துவிட்டு இப்படிச் சிரிக்கிறாயே என்று கத்தினேன். அதற்கு நீ, "அம்மா, சும்மா நம்பு நம்புன்னு சொல்லாதீங்க, அந்த ரெண்டு எக்ஸ்ரேவையும் விளக்குப் பெட்டியில வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க, எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டுறேன், அவர் ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கிறேன்" என்றாய். எனக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பையன் தானாக வந்து மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளை மாட்டிக்கொள்வதில் ஒரு தாய்க்கு என்ன சந்தோஷம் என்று அப்போது தோன்றவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் நான் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி அது நடக்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு இருமல் நிற்காமல், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனேன். சொந்தக்காரர்களுக்கு நாமே எக்ஸ்ரே எடுப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, கை ஒரு நிலையில் நிற்காது என்பதற்காக. அன்று என்னோடு இன்னொருத்தியும் பணியில் இருந்தாள். என் வீட்டுக்காரரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவளைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டேன். அப்பாவுக்கு முன்னால் வந்தவர் சுவருக்கு வர்ணம் பூசுகிறவர், அவருக்கும் இருமல். பதிவேட்டில் அவர் பதினாறு, அப்பா பதினேழு. இரண்டு பிலிம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனேன். ஒவ்வொரு பிலிமாக வெளியே எடுத்து, மூலையில் பெயரையும் எண்ணையும் ஒளியடித்துப் பதித்து, பிறகு பிலிம் கழுவும் மருந்தில் போட வேண்டும், அதுதான் வேலை. கண் தெரியாத இருட்டில் கை பழக்கத்தில் செய்வது. வலது பக்கம் முதல் ஆள், இடது பக்கம் அடுத்த ஆள் என்று எனக்கு ஒரு வரிசை. அன்று பெட்டிகளை மேசைமேல் வைத்ததும் அப்படியே முழங்காலில் விழுந்தேன். ஆண்டவரே என் புருஷனுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்று மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எழுந்தபோது எந்தப் பக்கம் நின்றேன், எந்தப் பெட்டியை முதலில் திறந்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று ஒரு நிம்மதி மட்டும் இருந்தது.

பிலிம் கழுவி வந்ததும் அப்பா பெயர் போட்டதில் வலது நுரையீரலில் ஒரு வெள்ளைப் பொட்டு. டாக்டர் மூன்று வாரம் மாத்திரை கொடுத்து மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார். அந்த மூன்று வாரமும் சபையே நம் வீட்டில் இருந்தது, உனக்கே தெரியும், நீதான் நாற்காலி இரவல் வாங்கப் போவாய். மறுபடி எடுத்ததில் பொட்டும் இல்லை, சுவடும் இல்லை. போதகர் இரண்டு பிலிமையும் ஆராதனையில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். அப்பா அன்றோடு சிகரெட்டை விட்டார். நான் அன்றோடு வாராவாரம் சபையில் எழுந்து நின்று இந்த அற்புதத்துக்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்தேன்.

நீ மருந்தில் சரியாகியிருக்கும் என்றாய். ஜெபத்தில் என்றேன் நான். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாரே, எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பதால் நாங்கள் 'ஏன் அண்ணன்' என்று கூப்பிடுகிறவர், அவர் ஒருவர்தான், எண்ணைச் சரிபார்த்தீர்களா என்று மெதுவாகக் கேட்டார். என் வேலையைச் சந்தேகப்படுகிறீர்களா என்று வரிந்துகட்டிக்கொண்டு போய், ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்குச் சுவிசேஷம் சொல்வது என்றால் அவர்கள் வாயை அடைப்பது என்று நினைத்திருந்தேன். யாரையும் நான் அன்பாகக் கூப்பிட்ட மாதிரி இப்போது நினைவில்லை. பிலிமைத் தூக்கிக்கொண்டு போய் அடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நீ கேட்டபடி சென்ற செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில், இரண்டு பிலிமையும் விளக்குப் பெட்டியில் மாட்டினேன். போட்டோ தெளிவாக வரவேண்டுமே என்று தள்ளி நின்றேன். இத்தனை வருடமும் அந்தப் பொட்டின்மேல் விரலை வைத்தே காட்டிப் பழகியவள், அன்றுதான் முழுப் படத்தையும் பார்த்தேன். அப்பா இளவயதில் பேருந்துக் கூரையில் சாமான் கட்டப் போய்க் கீழே விழுந்தாரே, கழுத்தடியில் இடது காறை எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்தது, சட்டை போட்டாலும் தெரியும். சுத்தமான படத்தில் அந்தக் கோணல் இருக்கிறது. பொட்டு உள்ள படத்தில் இரண்டு காறை எலும்பும் நேராக இருக்கின்றன. ஒரு நாளைக்கு முப்பது பேருடைய எலும்பைப் பார்க்கிறவள் நான்.

பழைய பிலிம்கள் கிடக்கும் அறையின் சாவி அந்த 'ஏன் அண்ணன்' கையில்தான் இருந்தது. எதற்கு என்று கேட்டுக்கொண்டே கூட வந்தார். அன்றைய கட்டைப் பிரித்துப் பதினாறாம் எண்ணை எடுத்தோம். மூலையில் வர்ணக்காரர் பெயர், நுரையீரல் பளிச்சென்று சுத்தம், இடது காறை எலும்பு கோணல். அது உன் அப்பா. 'ஏன் அண்ணன்' அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர், "நீங்க முதல்ல உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலை நகர்த்தினார், வேறொன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் அவருக்காக ஜெபித்திருக்கிறேன், மனம் திரும்ப வேண்டுமென்று. நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

வர்ணக்காரருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து மூச்சு வாங்க வந்தார், அன்றும் நான்தான் எக்ஸ்ரே எடுத்தேன், பாதி நுரையீரல் வெள்ளை. முந்தின படம் சுத்தமாக இருந்ததே, புற்று இவ்வளவு வேகமாகப் பரவியிருக்கிறதே என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். நானும் பக்கத்தில் நின்று ஆச்சரியப்பட்டேன். நான்கு மாதத்தில் போய்விட்டார். அவருடைய மனைவிதான் நம் தையல்காரி. ஆமாம், சபையில் என் பக்கத்தில் உட்காருகிறவள், உன் கல்யாணத்துக்கு எனக்கு ஜாக்கெட் தைத்தவள். நான்தான் அவளைக் கூட்டி வந்தேன். உங்கள் கடவுள் உங்கள் வீட்டுக்காரரைக் காப்பாற்றினார், என் வீட்டுக்காரரை ஏன் விட்டார் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவருடைய சித்தம் நமக்குப் புரியாது, ஆனால் அவர் இருக்கிறார் என்பதற்கு இதோ அத்தாட்சி என்று அவள் புருஷனுடைய எக்ஸ்ரேவையே அவள் மடியில் வைத்துக் காட்டினேன். அதைப் பார்த்துத்தான் அவள் நம்பினாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். எனக்குச் சுகம் கொடுத்தது தேவன், உன் பிலிம் இல்லை, அதை எரித்துவிடு என்றார். எந்த வியாதியிலிருந்து சுகம் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுகிறார். தேவன் தொட்ட மனிதர் என்று பன்னிரண்டு வருடம் ஊரெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டவருக்கு, வெறும் சளி பிடித்திருந்தது என்று சொன்னால் என்ன செய்வார். போதகரிடம் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது, அவரைப் பொல்லாதவர் என்று சொல்லமாட்டேன். "எத்தனை பேருடைய விசுவாசம் இதுல நிக்குதும்மா, அவசரப்படாதீங்க, ஒரு வாரம் ஜெபிச்சுட்டு முடிவெடுப்போம்" என்றார். இருட்டில் நான் ஜெபித்த லட்சணம் தெரிந்துதானே வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை தையல்காரி வீட்டுக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல அவள் ஒரு பள்ளிச் சீருடையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே இருந்தாள், பிரித்து முடிந்த பிறகும் ஊசி அங்கேயே போய் வந்துகொண்டிருந்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு அப்போது என்னதான் இருந்தது என்று கேட்டாள். சளி என்றேன். அந்த எட்டு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றாள். எனக்குத் தெரியாது, பிழைத்திருக்கலாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. ஊசியைச் சீருடையில் குத்தி வைத்துவிட்டு, "உங்க வீட்டை நினைச்சவரு என் வீட்டை மறந்துட்டாரேன்னு பதினோரு வருஷமா அவர்கூடச் சண்டை போட்டுக்கிட்டேதான் ஜெபம் பண்ணினேன் அக்கா. பாவம், அவர் மேல தப்பே இல்ல" என்றாள். நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன், காலை இழுத்துக்கொண்டாள். மன்னிப்பு கேட்டேன். அதை இப்போது கேட்காதீர்கள் என்றாள். வாசல்வரை வந்தாள், அங்கே நின்று, "எல்லா வாரமும் எந்திரிச்சு உங்க வீட்டுக்காரர் பேரைச் சொன்னீங்க. ஒரு தடவை என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க" என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

இரண்டு படங்களின் போட்டோவும் இந்த மின்னஞ்சலோடு இருக்கிறது, உன் டாக்டரிடம் காட்டு. நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. நீயும்தான் மருந்து மருந்து என்று மேசையைத் தட்டினாய். நாம் இரண்டு பேரும் யார் கெட்டிக்காரர் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மனிதர் வர்ண டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். இனிமேல் நம்புகிறீர்களா என்று கேட்பாய். இன்று காலையும் முழங்காலில் நின்றேன். கையில் காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் நின்றது இந்த வாரம்தான், வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அத்தாட்சி இருந்தவரை எனக்கு நம்பிக்கை இருந்ததா என்றே இப்போது தெரியவில்லை, ஆண்டவரைவிட அந்தப் பிலிமைத்தான் நம்பியிருப்பேன் போலிருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபமும் இருக்கிறது. நான் அழுத நேரத்தில் என் கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் இல்லாத ஒருவர்மேல் இவ்வளவு கோபம் வருமா என்றும் தோன்றுகிறது. இதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளாதே, இனி உன்னிடம் எதையும் நிரூபிக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கு நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கையில் இது தேவையா என்று நீ ஆரம்பிக்காதே. என்ன செய்வார்களோ செய்யட்டும்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் உங்கள் விருப்பம், இனிக் கேட்டு நச்சரிக்க மாட்டேன். ஒன்று மட்டும், தாத்தாவுக்கு அற்புதம் நடந்தது என்று அதனிடம் சொல்லி வைக்காதே. கடவுள் இருக்கிறாரா என்று என்றாவது கேட்டால், பாட்டிக்கும் தெரியாது அப்பாவுக்கும் தெரியாது என்று உண்மையைச் சொல், கேட்டுவிட்டு அதுவே தேடட்டும். மருமகளுக்கு என் அன்பு. குழந்தையின் உச்சியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் காப்பாராக, இந்த வரியை மட்டும் எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

மறந்துவிடாதே, வருகிற ஞாயிறு இங்கே காலை பத்து மணி, சாட்சி நேரம். வர்ணக்காரருடைய பெயரைச் சொல்லி எழுந்து நிற்கப் போகிறேன். அப்பா வரமாட்டார். அவள் வருவாளா தெரியாது. உனக்கு அங்கே அப்போது என்ன நேரமென்று பார்த்துக்கொள். ஜெபிக்கச் சொல்லவில்லை தம்பி, நீ விழித்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா